சாய்ஸில் விட்டவை

தேர்வுக் காலங்களில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் ஒன்று உண்டு. ‘அந்தப் பாடத்தைச் சாய்ஸில் விட்டுவிட்டேன்’ என்பதே அது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்லும்போது, ஆங்கிலம் அறியாத உம்மும்மாவுக்கும் பொருள் விளங்கிவிடுகிறது. வினாத்தாளில் பதினான்கு வினாக்கள் இருக்கும். பத்துக்கு விடையளித்தால் போதும். எனவே கடினமான பாடம் ஒன்றைப் புரட்டிப் பார்க்காமலேயே கடந்துவிடலாம் என்பது பிள்ளையின் கணக்கு.

சாய்ஸ் என்பது தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம் பேச்சு வழக்கிலோ அது ஒன்றை விட்டுவிடுவதைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. ஆங்கிலேயன் சாய்ஸ் என்றால் எதை எடுத்தாய் என்று கேட்பான். நாம் சாய்ஸ் என்றால் எதை விட்டாய் என்று கேட்கிறோம். பள்ளிக்கூட வாசலில் பிறந்த இந்தப் பொருள் மாற்றம் வேடிக்கையானதுதான். ஆனால் அதே கணக்கு நம் மார்க்க வாழ்விலும் குடும்ப முடிவுகளிலும் நுழைந்திருக்கிறதோ என்று எண்ணும்போது வேடிக்கை மறைந்து கவலை பிறக்கிறது. அந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மூன்று மொழிகள், ஒரே குறிப்பு

சாய்ஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பயன்பாடுகள் உள்ளன. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது தெரிவைக் குறிக்கும். பெயரடையாக நிற்கும்போது ‘பொறுக்கியெடுத்த, உயர்தரமான’ என்று பொருள்படும். சாய்ஸ் பழங்கள் என்று ஒரு வணிகர் விளம்பரம் செய்தால், கூடையில் உள்ளவற்றில் நல்லவற்றைத் தேர்ந்து வைத்திருக்கிறார் என்பதே கருத்து. தேர்வுக்கும் தரத்திற்கும் இடையே ஓர் உறவை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

நம் தமிழும் அவ்வாறே. ‘தேர்ந்த தச்சர்’ என்றால் தொழிலில் சிறந்தவர். ‘தேர்தல்’ என்றால் தகுதியானவரைத் தெரிந்தெடுத்தல். அதே வேரில் பிறந்த ‘தேர்வு’ என்ற சொல்லோ இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது: தெரிவும் அதுவே, பரீட்சையும் அதுவே. ஒன்றைத் தெரிவு செய்யும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு பரீட்சையில் அமர்ந்திருக்கிறோம் என்பதைத் தமிழ் நமக்கு ஒற்றைச் சொல்லில் உணர்த்திவிடுகிறது. உங்களில் யார் செயலால் சிறந்தவர் என்று சோதிப்பதற்காகவே மரணத்தையும் வாழ்வையும் படைத்ததாக அல்லாஹ் கூறுவதை (67:2) அறிந்த நமக்கு, இது புதிய செய்தியன்று.

அரபு மொழியில் தெரிவு செய்வதை ‘இக்தியார்’ என்பர். நன்மையைக் குறிக்கும் ‘கைர்’ என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. ஒன்றைத் தெரிவு செய்வதென்றால் அதில் உள்ள கைரை நாடுவது என்பதே அதன் உட்பொருள். நாம் தொழும் ‘இஸ்திகாரா’ தொழுகையின் பெயரும் அந்த வேரினதே: எனக்கு எது கைர் என்பதை நீயே தெரிந்து தா என்று ரப்பிடம் வேண்டுதல். ஆங்கிலமும் தமிழும் அரபும் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மொழிகள். ஆயினும் தெரிவு என்பது நல்லதை நோக்கி நகர்வது என்பதில் மூன்றும் உடன்படுகின்றன. சாய்ஸ் என்றால் கடினமானதை விடுவது என்ற பொருளை நாமே உண்டாக்கிக்கொண்டோம்.

கட்டாய வினா

அந்த வினாத்தாளுக்கே மீண்டும் வருவோம். ‘எவையேனும் பத்து வினாக்களுக்கு விடையளி’ என்று எழுதியிருக்கும் அதே பகுதியில், ஒரு குறிப்பிட்ட வினாவிற்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் விட்ட மாணவர் மற்றப் பத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும், கட்டாய வினாவின் மதிப்பெண்ணை இழந்தே தீருவார்.

ஷரீஅத்திலும் விருப்பத்திற்கு விடப்பட்ட பகுதி உண்டு. கட்டாயப் பகுதியும் உண்டு. ஒரு செயலைச் செய்வதற்கும் விடுவதற்கும் அடியானுக்குச் சமமான தெரிவு இருந்தால், அதை ‘முபாஹ்’ என்று உசூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் வகைப்படுத்தினர். எந்த நிறத்தில் ஆடை அணிவது, எந்த ஹலாலான தொழிலைச் செய்வது, எந்த ஊரில் வீடு கட்டுவது என்பன போன்ற எண்ணற்ற செயல்கள் இதில் அடங்கும். வாழ்வின் பெரும்பரப்பு இந்த அகன்ற வெளியே. ஆனால் ஃபர்ளுகள் அந்த வெளியில் இல்லை. அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்ட பிறகு, இறைநம்பிக்கை கொண்ட ஆணுக்கோ பெண்ணுக்கோ அதில் வேறு தெரிவு கிடையாது என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் (33:36) அறிவிக்கிறது. அவ்வசனத்தில் வரும் ‘கியரா’ என்ற சொல்லும் மேலே கண்ட அதே வேரைச் சேர்ந்தது.

மார்க்கத்தை ஏற்பதில் நிர்ப்பந்தத்திற்கு இடமில்லை என்பது (2:256) உண்மையே. ஈமான் கொள்வது உள்ளத்தின் தெரிவு. அத்தெரிவைச் செய்தவர், அதன் விளைவுகளையும் ஏற்றுக்கொண்டவராகிறார். பிள்ளைகளிடம் சுபுஹுத் தொழுகையைப் பற்றிப் பேசும்போது, ‘முடிந்தால் எழுந்திரு’ என்கிறோம். அதிகாலை ஐந்து மணி டியூஷனுக்கோ ‘எழுந்தே ஆக வேண்டும்’ என்கிறோம். நம் நாவிலிருந்து வரும் வினைச்சொற்களைக் கொண்டே, எது கட்டாயம், எது சாய்ஸ் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நாம் அதற்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கையெழுத்தும் தெரிவும்

கட்டாய வினாக்களில் நாம் மிகத் துணிவாகச் சாய்ஸில் விடுவது ஒன்று உண்டென்றால், அது பெண்மக்களின் வாரிசுப் பங்கு. பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, சொத்து குறைவாயினும் அதிகமாயினும் சரியே, அது விதிக்கப்பட்ட பங்கு என்று அன்னிஸா அத்தியாயம் (4:7) தீர்மானிக்கிறது. அதே அத்தியாயத்தின் 11, 12, 176 ஆம் வசனங்கள் பாதி, கால், எட்டிலொன்று என்று பின்னங்களாகவே கணக்கை வகுத்துத் தருகின்றன. தொழுகையின் ரக்அத் எண்ணிக்கைகூடத் திருக்குர்ஆனில் இவ்வாறு எண்ணிடப்பட்டுக் கூறப்படவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பங்குகளின் கனம் விளங்கும்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? வாப்பா மவுத்தாகிச் சில மாதங்கள் கழிகின்றன. வீட்டை ஒரு பெயருக்கு மாற்ற வேண்டும் என்று பேச்சு எழுகிறது. பத்திரம் எழுதுபவர் விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயாரிக்கிறார். சகோதரிகள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டுச் செல்கிறார்கள். ‘லாத்தா மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டார்’ என்று குடும்பத்தில் பெருமையாகப் பேசப்படுகிறது.

அந்தச் சகோதரியின் இடத்தில் நின்று பார்ப்போம். அவருடைய பங்கு இவ்வளவு என்று எவரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடும் என்று அவர் அஞ்சுகிறார். நாளை தம் மகளின் நிகாஹ் மேடையில் தாய்மாமன் வந்து நிற்க மாட்டாரோ என்று கலங்குகிறார். அவருக்கு முன்னே வைக்கப்பட்டது தெரிவன்று. கையெழுத்துக்கான இடம் மட்டுமே.

இதற்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. தாமஸ் ஹாப்சன் (1544–1631) இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். அவருடைய லாயத்தில் குதிரைகள் பல இருந்தன. ஆனால் வாடிக்கையாளர் வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையையே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையென்றால் குதிரையே கிடையாது. எல்லாக் குதிரைகளுக்கும் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. தெரிவு இருப்பது போன்ற தோற்றம் இருக்கும், தெரிவு இருக்காது. அவர் குதிரைகளின் நலனுக்காக அதைச் செய்தார். நாம் யாருடைய நலனுக்காகச் செய்கிறோம்?

விட்டுக்கொடுப்பது அழகிய பண்பு. அதை மார்க்கம் தடுக்கவில்லை. மஹர் விஷயத்தில் மனைவி தம் மனம் விரும்பி அதில் ஒரு பகுதியைத் தந்தால் கணவர் தாராளமாக அனுபவிக்கலாம் என்கிறது 4:4. அங்கே நிபந்தனை மனவிருப்பம். அதற்கும் முன்னதாக அவ்வசனம் இடும் கட்டளையோ, மஹரைக் கொடுத்துவிடுங்கள் என்பது. கையில் வராத ஒன்றை எவரும் விட்டுக்கொடுக்க இயலாது. எனவே சகோதரர்கள் செய்ய வேண்டியது எளிது. முதலில் வாப்பாவின் கடன்களைத் தீர்க்க வேண்டும். வஸிய்யத் இருந்தால் மூன்றிலொரு பங்கு என்ற வரம்புக்குள் நிறைவேற்ற வேண்டும். பின்னர் ஆலிம் ஒருவரின் துணையோடு பங்குகளைக் கணக்கிட்டு, சகோதரியின் பங்கு இவ்வளவு என்று தாளில் எழுதி, அதை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு ஓராண்டு கழித்து அவராகவே முன்வந்து அன்பளிப்பாகத் தந்தால், அது விட்டுக்கொடுத்தல். அதற்கு முன் வாங்கப்படும் கையெழுத்தை அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் துணியக் கூடாது.

திறந்திருக்க வேண்டிய கதவு

கட்டாயமானதைச் சாய்ஸ் ஆக்குவது ஒரு பிழை. சாய்ஸாக அல்லாஹ் தந்ததைப் பூட்டி வைப்பது மற்றொரு பிழை. இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டில் நிகழ்கின்றன என்பதே வியப்பு. மகனின் மேற்படிப்பை, ‘மருத்துவமா பொறியியலா, சாய்ஸ் உன்னுடையது’ என்று தாராளமாக முன்வைக்கிறோம். அவன் வணிகம் என்றாலோ வரலாறு என்றாலோ வீடு அதிர்கிறது. அகன்றிருந்த முபாஹின் வெளியை இரண்டு கதவுகளாகச் சுருக்கியவர்கள் நாமே.

நிகாஹில் இது இன்னும் கூர்மையாகிறது. கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பதும், அவளுடைய மௌனம் அவளது சம்மதம் என்பதும் நபிமொழியின் கருத்து. இதன் பிற்பகுதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம், முற்பகுதியை மறந்துவிடுகிறோம். மண்டபம் பேசி, அழைப்பிதழ் அச்சடித்து, உறவினர் வந்து நிறைந்த பிறகு வக்கீலும் சாட்சிகளும் வந்து அவளிடம் கேட்கிறார்கள். அப்போது அவள் மௌனமாக இருந்தால், அது எந்த மௌனம்? நாணத்தின் மௌனத்தைச் சம்மதமாக ஏற்கச் சொன்ன மார்க்கம், அச்சத்தின் மௌனத்தையும் அவ்வாறு எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணியை அவருடைய தந்தை அவர் விருப்பமின்றி மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது அத்திருமணம் செல்லாது என ஆக்கப்பட்டதை புகாரி பதிவு செய்கிறது. கணவரை முன்பே இழந்திருந்த பெண்மணி அவர். நம் வீடுகளில் மறுமணத்திற்குக் காத்திருக்கும் பெண்களிடம் எத்தனை பேர் இன்று அவர்களது விருப்பத்தைக் கேட்கிறோம்?

இவ்விடத்தில் பரீரா (ரலி) அவர்களின் நிகழ்வு நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. அடிமையாக இருந்த அவர் விடுதலை பெற்றதும், அடிமையான தம் கணவர் முகீஸுடன் தொடர்வதா பிரிவதா என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவைத் தெரிந்தார். முகீஸோ அவர் மீது கொண்ட அன்பினால், கண்ணீர் தாடியை நனைக்க மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். மனமிரங்கிய நபி (ஸல்) அவர்கள், முகீஸிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் பரிந்துரைத்தார்கள். இது தாங்கள் இடும் கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியென்றால் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா மறுத்தார். அல்லாஹ்வின் தூதர் அதை ஏற்றுக்கொண்டார்கள், கடிந்துகொள்ளவில்லை.

பரீராவின் கேள்வியைக் கவனியுங்கள். கட்டளையா, பரிந்துரையா? கட்டளையென்றால் பணிந்திருப்பார். பரிந்துரை என்பதால் தம் உரிமையைப் பயன்படுத்தினார். கட்டாய வினா எது, விருப்ப வினா எது என்ற தெளிவு நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. அவர் கேட்கக்கூடிய சூழலும் அங்கே இருந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளை, ‘வாப்பா, இது உங்கள் கட்டளையா, ஆலோசனையா?’ என்று நடுங்காமல் கேட்க முடிகிறதா? முடிகிறதென்றால் அந்த வீட்டில் மார்க்கம் உயிரோடு இருக்கிறது.

கடையிலும் சத்தியத்திலும்

வணிகச் சமுதாயமான நமக்கு இன்னொரு சொல்லும் பழக்கமாயிருக்க வேண்டும்: ‘கியார்’. கொடுக்கல் வாங்கலில் ஒப்பந்தத்தை உறுதிசெய்யவோ முறிக்கவோ உள்ள உரிமைக்கு ஃபிக்ஹ் நூல்கள் இட்ட பெயர் அது. விற்பவரும் வாங்குபவரும் அவ்விடத்தை விட்டுப் பிரியும்வரை ஷாஃபிஈ மத்ஹபில் இருவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஹனஃபி மத்ஹபில் இது வேறுவகையில் விளக்கப்படுகிறது. பேசி வைத்துக்கொண்டால் மூன்று நாள்வரை யோசிக்கும் உரிமையை இரு மத்ஹபினரும் ஏற்கின்றனர். பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு.

நம் கடைகளின் கல்லாவுக்கு மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஆயத்துல் குர்ஸியும் மாட்டப்பட்டிருக்கிறது. மனம் மாறி வருபவர் எல்லோரிடமும் பொருளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குறையைத் தெரிந்தே மறைத்து விற்றவருக்கு அந்தப் பலகை மறுமையில் கேடயமாகாது. மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி, அடியில் நனைந்ததை மறைத்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை மத்ரஸாவில் ஓதாதவர் நம்மில் யார்?

தெரிவின் ஒழுங்கைத் தலைகீழாக்கும் மற்றொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. சத்தியம் செய்து முறித்தால், ‘மூன்று நோன்பு வைத்துவிடு’ என்று பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவர். திருக்குர்ஆன் (5:89) தரும் வரிசை வேறு. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது உடையளிப்பது, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது என்ற மூன்றுக்கிடையில்தான் ‘அல்லது’ வருகிறது. இவற்றுக்கு வசதியற்றவருக்கே மூன்று நோன்பு. அடிமைமுறை இன்றில்லை, எஞ்சியவை உணவும் உடையும். வசதியுள்ளவர் பத்து ஏழைகளின் வயிற்றைச் சாய்ஸில் விட்டு நோன்புக்குத் தாவினால், அவருடைய பரிகாரம் நிறைவேறாது.

எளிதையும் தெரியலாம்

இவ்வளவையும் கூறிய பிறகு ஒன்றைச் சேர்க்காவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். கடினமானதே மார்க்கம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டால், பாவமில்லாதவரை நபி (ஸல்) அவர்கள் எளிதானதையே தெரிவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதும், நோயில் நோன்பைத் தள்ளிவைப்பதும் அல்லாஹ் தந்த சலுகைகள். நாம் அஞ்சுவது, பாவமில்லாதவரை என்ற அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு எளிமையை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான்.

இஸ்திகாராவுக்கும் அதே எல்லை உண்டு. இரண்டு ரக்அத் தொழுது, அந்தத் துஆவை ஓதி, கைரை வேண்டுவது அனுமதிக்கப்பட்ட காரியங்களில்தான். தொழலாமா வேண்டாமா என்றோ, சகோதரியின் பங்கைக் கொடுக்கலாமா வேண்டாமா என்றோ எவரும் இஸ்திகாரா செய்வதில்லை. அங்கே விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. முடிவை உறுதிசெய்து முன்பணமும் கொடுத்துவிட்டு, பெயருக்கு இஸ்திகாரா செய்வதும் பொருளற்றது. மனத்தை இரு பக்கமும் திறந்து வைத்தவரே கைரைக் கேட்பவர்.

இன்றிரவு குடும்பத்தோடு உணவருந்தும் வேளையில் ஒரு கேள்வியை நடுவில் வைத்துப் பேசிப் பாருங்கள்: நம் வீட்டில் அல்லாஹ் கட்டாயமாக்கிய எதை நாம் சாய்ஸில் விட்டிருக்கிறோம்? அவன் தெரிவாகத் தந்த எதை நாம் கட்டாயமாக்கி வைத்திருக்கிறோம்? முதல் கேள்விக்குச் சகோதரி ஒருவரின் பெயர் விடையாக வரக்கூடும். இரண்டாவது கேள்விக்கு மகனோ மகளோ தலைகுனிந்து மௌனமாக இருக்கக்கூடும். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சற்றுப் பொறுத்து, மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

யா அல்லாஹ்! நீ கட்டளையிட்ட இடத்தில் எங்களுக்குப் பணிவைத் தருவாயாக. நீ தெரிவைத் தந்த இடத்தில் கைரைத் தெரியும் அறிவைத் தருவாயாக. பிறருடைய தெரிவை எங்கள் கைகளால் பறிக்காமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.